பத்து மீட்டர் கட்டம்

கோத்தகிரியில் என் மேசை.
ஆறு அதற்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் கீழே.
ஜன்னலைப் பனி அடைத்த நாட்களில்
அது இருப்பதற்கு என்னிடம் ஒரே சான்று
திரையில் நகரும் நீலம்.

மாயாற்றுக் கரையைப் பத்து மீட்டர் கட்டங்களாக வெட்டினேன்.
கட்டத்துக்கு ஓர் உயரம், ஓர் உராய்வு எண்.
மணலுக்குக் கொஞ்சம்,
வாழைத் தோட்டத்துக்கு அதைவிட இரண்டரை மடங்கு,
முள்ளுக்காட்டுக்கு இன்னும் மேலே.
தண்ணீர் எதில் எவ்வளவு தயங்கும் என்று
யாரோ எங்கோ அளந்து வைத்த பட்டியல்.
தெங்குமரஹாடா வாழையை அவர்கள் பார்த்ததில்லை.

முதல் ஓட்டத்தில் ஆறு
ஒரு குன்றைச் சுற்றிக்கொண்டு போனது.
அங்கே குன்று கிடையாது.
புளியமரங்களின் தலையைத் தரை என்று
செயற்கைக்கோள் எண்ணியிருந்தது.
நாற்பத்தொரு மரங்களை ஒரே பிற்பகலில்
விசைப்பலகையால் வெட்டினேன்.
ஒரு காக்கைகூட எழவில்லை.

பழைய வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்கப்
பரிசலில் அக்கரை போனேன்.
சங்கத்து எழுத்தர் போஜன்
குடோன் சுவரில் தோள் உயரம் காட்டினார்.
பரிசல்காரர் இடுப்பு என்றார்.
ரேஷன் கடை வரிசை முழுவதும் முழங்காலுக்கு ஒரு சாண் மேல்;
அதற்குக் கீழே நனைந்தவர்களுக்கு
அந்த வருடம் நிவாரணம் இல்லையாம்.
கூட்டி வகுக்க எனக்குத் தெரியும்.
வகுத்தேன்.

மருதி வரைபடத்தை மடியில் விரித்து
தன் வீட்டை விரலால் தேடினாள்.
"எங்கூடு நீலத்துக்கு உள்ளயா, வெளியயா?"
கோடு அவள் சமையல்கட்டு வழியாகப் போனது.
அடுப்பு உள்ளே. ஆட்டுப்பட்டி வெளியே.
பத்து மீட்டருக்குள் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது என்றேன்.
"அதுக்குள்ளதானுங்க நாங்க ஏழு பேரு இருக்கோம்."

ஐப்பசியில் மேலே பைக்காராவைத் திறந்தார்கள்.
ஆறு மணி நேரத்தில் வரும், என் கணக்கு.
ஆறு மணி இருபது நிமிடத்தில் வந்தது.
பெருமைப்பட எனக்கு அரை மணி நேரம் கிடைத்தது.

பிறகு, வரக் கூடாத பக்கமிருந்து வந்தது.
கரை அங்கே இரண்டு ஆள் உயரம், திரையில் பச்சை.
மஞ்சள் வயலைக் கடந்து
மருதி வீட்டின் பின்வாசலில் நுழைந்தது.
ஆறு இருப்பதோ முன்வாசல் பக்கம்.
கோழிக்கூடு போயிற்று, இரண்டு மூட்டை ராகி போயிற்று.
ஆடுகள் தப்பின.
வெளியே என்று நான் சொன்ன பட்டியில் கட்டாமல்
அவற்றைப் பள்ளிக்கூட மேட்டுக்கு ஓட்டியிருந்தாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் சேற்றில் நின்று பார்த்தேன்.
கரையில் ஒரு வாய்.
கோடைதோறும் தண்ணீருக்கு யானைகள் இறங்கி இறங்கி
மண் உட்கார்ந்துபோன தடம்.
அகலம் நாலு மீட்டர்,
என் கட்டத்தில் பாதிகூட இல்லை.
அவை இறங்கிய வழியில்
ஆறு ஏறி வந்திருக்கிறது.

திரும்பி வந்து
ஏழு கட்டங்களை ஒன்றரை மீட்டர் தாழ்த்தினேன்.
திருத்தத்துக்குக் காரணம் கேட்கும் இடத்தில்
யானை என்று எழுதினேன்.
ஊட்டி அலுவலகம் அதை அடித்து
'உள்ளூர்த் தாழ்வு' என்று மாற்றி அனுப்பியது.
நீலம் இப்போது சரியான பின்வாசலில் நுழைகிறது.

தை மாதம், விட்டு விட்டு ஒரு சிக்னல்.
"தடத்த மாத்திட்டுதுங்க.
நீங்க மண்மூட்ட அடுக்கச் சொன்னீங்கல்ல,
அதப் பாத்துட்டு ஒரு நாள் முழுக்க நின்னுது.
இப்பக் கோயிலுக்கு மேக்கால எறங்குது.
குட்டியும் கூட.
குறிச்சுக்கிறீங்களா?"

அகலம் எவ்வளவு என்றேன்.
"இருங்க" என்றாள்.
துண்டிக்காமல் அவள் நடப்பது கேட்டது,
சருகு, ஓர் ஆட்டின் மணி.
கோயிலுக்கு முன்பே சிக்னல் போயிற்று.

கட்டத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.
எண் கேட்டுக் கர்சர் துடிக்கிறது.